காது கொடுத்தவர்

எங்கள் எச்.ஆர். மிஸ்ஸுக்கு முன்னால் போய்க் கதிரையில் இருந்தால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று கம்பனிப் பெண்கள் சொல்வார்கள். குறையாக அல்ல, பெருமையாகத்தான் சொல்வார்கள். வீட்டில் புருஷன் கேட்காததை, தாய் கேட்காததை அவர் கேட்டார். யாராவது கதைக்கத் தொடங்கினால் பேனையை மூடி வைப்பார். போனைக் கவிழ்த்து வைப்பார். கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "பிறகு?" என்பார். அந்த ஒரு சொல்தான். அதை அவர் சொல்கிற விதத்தில், இதைவிட அவருக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை என்று தோன்றும்.

பெயர் வேண்டாம். திருகோணமலையில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

துறைமுகப் பக்கம் இருந்த நண்டு, மீன் பதனிடும் கம்பனி அது. நண்டுச் சதை எடுக்கிறவர்களும் பெட்டி கட்டுகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் எங்கள் சாம்பல்தீவிலிருந்தும் கம்பனி பஸ் விடியக்காலையிலேயே ஆட்களை ஏற்றி வரும். நான் மனிதவளப் பிரிவில் உதவியாளர். மிஸ்தான் முகாமையாளர். ஊழியர்களின் பைல்கள் இருந்த அலுமாரியின் பூட்டுத் திறப்பு என்னிடமும் அவரிடமும் மட்டும் இருந்தது.

அவருடைய கதிரைக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது. மனிதவளத் துறையில் வேலை செய்கிறவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்ற ஒழுக்க விதிகள், ஆங்கிலத்தில். கன்ரீன் பக்கத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்காக அதைத் தமிழாக்கச் சொல்லி என்னிடம் தந்தார். 'ஊழியர் நம்பிச் சொல்வதை அவருடைய சம்மதமில்லாமல் வெளியில் சொல்லக்கூடாது' என்று நான் எழுதிக்கொண்டு போனதைச் சிவப்புப் பேனையால் திருத்தினார். "'வெளியில் சொல்லக்கூடாது' எண்டு எழுதினா வீட்டுக் கதை மாதிரி இருக்கு பிள்ளை. 'வெளியிடலாகாது' எண்டு போடும்." போட்டேன். அந்த வசனத்தை நான் நாலு தரம் ரைப் அடித்திருக்கிறேன்.

அவரை எனக்கு நிறையப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் பொய்யாகிவிடும். நண்டு பிரிக்கிற ஒருத்தியின் பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை என்றபோது, கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் தானே போன் எடுத்து, தெரிந்த ஒரு தாதியைப் பிடித்து, திகதி வாங்கிக் கொடுத்தவர் அவர். எந்தப் பிள்ளை ஸ்கொலர்ஷிப் சோதனை எழுதியது, எந்தத் தாய்க்கு நீரிழிவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அப்பா செத்த வருடம் எனக்கு நித்திரை போய்விட்டது. பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் மருந்து தந்தார்கள். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போக அரைநாள் லீவு வேண்டும். இரண்டு மாதம் வயிற்றுக்குத்து என்று எழுதினேன். மூன்றாம் மாதம் மிஸ் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்திப்போட்டு இரும் பிள்ளை. உண்மையான காரணத்தைச் சொன்னாத்தானே நான் உதவி செய்யலாம்?"

சொன்னேன். இரவெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை, அப்பாவின் இருமல் சத்தம் இன்னும் கேட்பதை, மருந்தின் பெயரை, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. என் கையைப் பிடித்து, "இது எங்கட ரெண்டு பேருக்குள்ள" என்றார். அன்றைக்கே தன்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொன்னார். யாருக்கும் தெரியாத விஷயம். அது என்னவென்று இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. ஆனால் அதைச் சொன்னபோது அவர் நடிக்கவில்லை என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

அடுத்த வருடம் ஏற்றுமதி விழுந்தது. ஆட்களைக் குறைக்க வேண்டும், பட்டியல் தாருங்கள் என்று பணிப்பாளர் கேட்டார். நான் வரவுப் பதிவையும் சேவைக் காலத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். மிஸ் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. கைப்பட எழுதிய ஒரு தாளை என்னிடம் நீட்டினார். பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள் இருந்தன. 'புருஷன் கட்டாரில்.' 'பிள்ளை உண்டாகியிருக்கிறார், இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.' 'தகப்பன் படுக்கையில், வழக்குப் பேச ஆளில்லை.'

"குறிப்புகளை ரைப் அடிக்க வேண்டாம்" என்றார். "அது எனக்கு மட்டும். ஆருக்குத் தாங்கும், ஆருக்குத் தாங்காது எண்டு பாத்துச் செய்ய வேணுமெல்லோ."

தாங்கக்கூடியவர்களை அவர் தெரிவு செய்யவில்லை. சத்தம் போடாதவர்களைத் தெரிவு செய்தார். பெயர்களை அடித்துக்கொண்டு போகும்போது எனக்கு அது விளங்கியது. விளங்கியும் அடித்து முடித்தேன். மறுநாள் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்து அழுதார். உண்மையான கண்ணீர். போனவர்களில் பாதிப்பேர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகுதான் நஸீமாவின் சம்பவம்.

நஸீமா மூதூர்ப் பெண், என் வயதுதான். பெட்டி கட்டும் பகுதியில் வேலை. குளிர் அறைக்குள் வைத்து சுப்பவைசர் அவளைக் கட்டிப்பிடிக்கப் பார்த்திருக்கிறான். ஒரு தரம் அல்ல. அவன் பணிப்பாளரின் மனைவிக்குச் சொந்தம். மூன்றாந்தரம் அவள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே மிஸ்ஸிடம் வந்தாள். கதவு இரண்டு மணித்தியாலம் சாத்தியிருந்தது. வெளியில் வந்தபோது அவளுடைய முகம் தெளிந்திருந்தது. "மிஸ் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க மேடம். இனிப் பயமில்ல" என்று என்னிடம் சொன்னாள்.

அடுத்த நாள் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சுப்பவைசருக்குத் தெரிந்திருந்தது. புருஷனிடம் இதைச் சொல்லப் பயம் என்று அவள் மிஸ்ஸிடம் சொல்லியிருந்தாள். அதையும் அவன் தெரிந்து வைத்திருந்தான். "உன்ர மனிசனுக்கு நானே சொல்லட்டோ?" என்று பெட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கேட்டானாம்.

மூன்று கிழமையில் நஸீமாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு முதல்நாள் பின்னேரம் மிஸ் என்னிடம் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் அடிக்கச் சொன்னார். ஒன்று நேரம் பிந்தி வருவதற்கு, மற்றது சொல் கேளாமைக்கு. இரண்டுக்கும் மாதக் கணக்கில் முந்திய திகதி போடச் சொன்னார்.

"மிஸ், இது குடுக்கேல்லையே."

"குடுத்தம். அவ கையெழுத்து வைக்க மறுத்திட்டா. நீர் சாட்சி."

அவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "பிள்ளை, உமக்கு மாதம் மாதம் லீவு தாறதுக்கு நான் மேல எவ்வளவு மறைக்கிறன் தெரியுமே?" என்று மிகவும் அன்பாகக் கேட்டார்.

'ஊழியர் கையெழுத்திட மறுத்தார்' என்பதற்குக் கீழே இரண்டு கடிதத்திலும் என் கையெழுத்தைப் போட்டேன்.

நஸீமா தொழில் திணைக்களத்துக்குப் போனாள். மிஸ் அந்த இரண்டு கடிதங்களையும் கொண்டுபோய் வைத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். நஸீமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமரசம் சரிவரவில்லை. அவள் தொழில் நியாயசபையில் வழக்குப் போட்டாள். தவணை தவணையாக அது இழுபட்டது.

அந்த நாட்களில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். தம்பலகாமத்து ஆள், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. இரண்டு தரம் கதைத்தோம். வயலுக்குள் யானை வந்த கதையொன்றைச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். மருந்தைப் பற்றி நானே அவருக்குச் சொல்ல இருந்தேன். மூன்றாந்தரம் சந்திக்கும்போது சொல்லலாம் என்று நாளும் குறித்து வைத்திருந்தேன்.

மூன்றாந்தரம் வரவில்லை. சரிவராது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அம்மா தரகரைப் பிடித்து உலுப்பியபிறகு அவர் உண்மையைச் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியம்மா எங்கள் கம்பனிக்குப் போன் எடுத்துப் பெண்ணைப் பற்றி விசாரித்திருக்கிறார். "உங்கட ஒப்பீஸ் மேடமே சொன்னவவாம் பிள்ளை, மனநல கிளினிக்குக்குப் போற பிள்ளை எண்டு" என்று அம்மா என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் மிஸ்ஸின் கதவைத் தட்டாமல் திறந்தேன்.

"ஏன் சொன்னீங்கள்?"

அவர் திடுக்கிடவில்லை. பேனையை மூடி வைத்தார். "இரும்."

"நான் இருக்க மாட்டன். ஏன் சொன்னீங்கள்?"

"அவை கேட்டவை. நான் பொய் சொல்லேலாதுதானே? நல்ல பிள்ளை, கெட்டிக்காரி எண்டும் சொன்னனான். கலியாணத்துக்குப் பிறகு தெரிய வந்து பிரச்சினைப்படுறதவிட இது நல்லமெல்லோ. உம்மை என்ர மகள் மாதிரி நினைச்சுத்தான் சொன்னனான்." பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "இப்ப எப்பிடி இருக்கு உமக்கு? மருந்தைக் கூட்டித் தந்தவையோ?"

கேட்டார். அந்த நேரத்திலும் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூதூர் பஸ் ஏறினேன். நஸீமா வீட்டு வாசலில் மா அரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அரிதட்டைக் கீழே வைத்தாள். கதிரை தரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: கடிதங்களை நான்தான் அடித்தது, திகதி பொய், சாட்சி பொய்.

"இப்ப என்னத்துக்கு வந்திரிக்கீங்க?"

"அவ எனக்கும் செய்துபோட்டா."

நஸீமா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப எனக்குச் செய்யக்குள்ள ஒங்களுக்கு ஒண்டும் இல்ல."

அந்தக் கலியாணம் நடந்திருந்தால் நான் வாயைப் பொத்திக்கொண்டு தம்பலகாமத்துக்குப் போயிருப்பேன். நஸீமாவின் முகம் கொஞ்சக் காலத்தில் மறந்தும் போயிருக்கும். நீதிக்காக நான் மூதூருக்குப் போகவில்லை. அந்த மனுஷியை விழுத்துவதற்கு என் கையில் வேறு ஆயுதம் இருக்கவில்லை.

"கோட்டுல வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப சொல்லுங்க. சொன்னப்புறம் பாப்பம்." திரும்பவும் மா அரிக்கத் தொடங்கினாள். தேத்தண்ணி தரவில்லை.

வேலையை விட்டுவிட்டுச் சாட்சி சொன்னேன். நியாயசபையில் கம்பனியின் சட்டத்தரணி மெல்லிய ஆள், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். என் கலியாணம் குழம்பிய கதை அவருக்குத் தெரிந்திருந்தது. நான் மருந்து எடுப்பதும் தெரிந்திருந்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மிஸ் இரண்டாம் வரிசையில் இருந்தார், சேலைத் தலைப்பைத் தோளில் போர்த்திக்கொண்டு.

"உங்களுக்கு இந்த முகாமையாளர் மேல தனிப்பட்ட கோபம் இருக்கு. பழி வாங்கத்தான் வந்திருக்கிறீங்கள். அப்பிடித்தானே?"

"ஓம்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

"கோபம் இருக்கு. பழி வாங்கத்தான் வந்தனான். ஆனா கடிதத்தை அடிச்சது நான்தான். அதில இருக்கிற கம்பனி இலச்சினையைப் பாருங்கோ. அது மாத்தின இலச்சினை. கடிதத்தில போட்டிருக்கிற திகதியில அந்தக் கடதாசியே எங்களிட்ட இல்லை. அச்சகத்தில இருந்து வந்த திகதி பற்றுச்சீட்டில இருக்கும்."

சபைத் தலைவர் கடிதங்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கம்பனிப் பக்கம் திரும்பி, பற்றுச்சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போவதை ஆறுதலாகப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷத்தை என் வாழ்க்கையில் நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

நஸீமா வென்றாள். வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அவள் ஒரேயொரு நாள் வேலைக்குப் போனாள். படலையால் தலை நிமிர்ந்து உள்ளே போய், பின்னேரம் வரைக்கும் பெட்டி கட்டிவிட்டு, அடுத்த நாள் தானே விலகல் கடிதம் கொடுத்தாள். நிர்வாகத்துக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் மிஸ்தான் செய்தார் என்று கம்பனி கைகழுவி அவரை வீட்டுக்கு அனுப்பியது. சுப்பவைசரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். பணிப்பாளர் இன்றைக்கும் அதே கதிரையில்தான் இருக்கிறார். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அவரை நான் ஒருபோதும் நம்பியதில்லை. அதனால் அவர்மேல் வருகிற கோபம் வேறு மாதிரி.

எனக்கு ஒரு வருடமாக வேலை கிடைக்கவில்லை. கம்பனியைக் காட்டிக் கொடுத்தவள் என்று பெயர். கடைசியில் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆளணி அதிகாரி வேலை கிடைத்தது. அங்கே இருக்கும்போதுதான் அந்தப் போன் வந்தது.

தோப்பூர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஆடைத் தொழிற்சாலையின் நிர்வாக அதிகாரி கதைத்தார். மரியாதையான குரல். மிஸ் அங்கே மனிதவள முகாமையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். முன்பு அவரோடு வேலை செய்தவர்களை விசாரிக்கிறார்களாம்.

நியாயசபைத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். இலக்கத்தோடு சொன்னேன்.

"அது எங்களுக்குத் தெரியும் மேடம். அவவே சொன்னவ. கம்பனிக்காக நிண்டு அடி வாங்கினவ எண்டுதான் எங்கட பெரியாக்கள் பாக்கினம். அது பிரச்சினையில்லை." பிறகு கேட்டார். "வேற ஏதும் இருக்கோ? வீட்டுப் பிரச்சினை, அடிக்கடி லீவு எடுக்க வேண்டிய நிலைமை, அப்பிடி ஏதும்?"

இருந்தது. பத்து வருடத்துக்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன அந்த விஷயம் இருந்தது. அவர் செய்த அநியாயம் அவருக்குச் சிபாரிசாகிவிட்டது. அவருக்கு நடந்த கஷ்டத்தைச் சொன்னால்தான் அந்த வேலை இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் தோப்பூரிலும் மூதூரிலும் இருந்து போகிற பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக அவர் முன்னால் போய் இருப்பார்கள்.

"அது வந்து..." என்று தொடங்கினேன். என் குரல் தானாகத் தாழ்ந்தது. தயங்கித் தயங்கி, இரக்கத்தோடு வந்தது. தம்பலகாமத்துப் பெரியம்மாவோடு மிஸ் எப்படிக் கதைத்திருப்பார் என்று நான் எத்தனையோ நாள் கற்பனை பண்ணியிருக்கிறேன். சரியாக இந்தக் குரல்தான்.

"ஹலோ? மேடம்?"

"அவ தன்ர வீட்டு விசயம் ஒண்டும் எனக்குச் சொன்னதில்லை" என்று பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

நல்லது செய்துவிட்டேன் என்ற நிம்மதியெல்லாம் இல்லை. கோபம்தான். அவர் என்னிடம் சொன்னதை நான் காப்பாற்றிவிட்டேன், நான் சொன்னதை அவர் காப்பாற்றவில்லை. இதில் தோற்றது யார் என்று ஒரு கிழமை யோசித்தேன். பிறகு நஸீமாவுக்குப் போன் எடுத்தேன்.

"அந்த பக்டரியில உங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"என்ட மச்சாள் இரிக்கா. எங்கட ஊர்ப் புள்ளையள் நிறையப் பேர் இரிக்காங்க. ஏன் புள்ள?"

சொன்னேன். தீர்ப்பு ரகசியமான கடதாசி அல்ல. அதன் பக்கங்களை நஸீமா போனில் படமெடுத்து மச்சாளுக்கு அனுப்பினாள். மிஸ்ஸின் பெயர் வருகிற இடங்களில் எல்லாம் கோடு போட்டிருந்தாள். கூடவே தன் சொந்தக் குரலில் நடந்ததைப் பதிந்து அனுப்பினாள். குளிர் அறையில் நடந்தது, சாத்திய கதவுக்குள் சொன்னது, அடுத்த நாள் சுப்பவைசர் அதைத் திருப்பிச் சொன்னது. புருஷனுக்குப் பயந்த அந்த நஸீமா, அவனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பதிந்தாளாம்.

"இந்த வயசுல வேல தேடி அங்க வாறாவே, அந்த மனிசிக்கு என்ன கஷ்டமோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

மிஸ் வேலையில் சேர்ந்தபோது அந்தக் குரல் எல்லாப் பிள்ளைகளின் போனிலும் இருந்தது.

மூன்று மாதத்துக்குப் பிறகு நஸீமா போன் எடுத்தாள். மிஸ் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு இருத்துகிறாராம். ஊர், உறவு எல்லாம் விசாரிக்கிறாராம். பிள்ளைகள் "ஒண்டுமில்ல மிஸ், எல்லாம் சரி மிஸ்" என்றுவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்களாம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால்கூடக் காய்ச்சல் என்று சொல்வதில்லையாம், டொக்டர் எழுதிய துண்டை மட்டும் கொடுக்கிறார்களாம். போன கிழமை மத்தியானம் அவர் தன்னுடைய சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு கன்ரீனுக்கு வந்து, பிள்ளைகளின் மேசையிலேயே இருந்திருக்கிறார். கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தியும் மரியாதை குறைத்துக் கதைக்கவில்லை. ஒவ்வொருத்தியாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நீள மேசையில் அவர் தனியே இருந்தாராம்.

"மச்சாளுக்குப் பாவமாப் போச்சாம்" என்றாள் நஸீமா. "ஒங்களுக்கு?"

"இல்லை."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"சோத்தை முழுக்கச் சாப்பிட்டவவோ, இடையில எழும்பிப் போனவவோ?"

"அது தெரியா புள்ள."

"கேட்டுச் சொல்லுங்கோ" என்றேன்.